மார்பைத் திறந்தவர் பத்தாம் ஆண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்

'இதயத்தை நிறுத்தாமலே பைபாஸ்', 'துடிக்கும் இதயத்தில் நவீன அறுவை சிகிச்சை'. இப்படிப்பட்ட வாசகங்களை மருத்துவமனை விளம்பரங்களில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மற்ற முறையைவிட இந்த முறையில் செய்துகொண்டால் நல்லது, கூடுதல் காலம் வாழலாம் என்ற வாக்குறுதி படிப்பவர் காதில் விழுகிறது. அந்த வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. இது நேற்று தெரியவந்த செய்தியும் அல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஐந்தாண்டு, பத்தாண்டு தொடர்ந்து கவனித்து, உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் வெளியான முடிவு. இதய அறுவை மருத்துவர் ஒவ்வொருவரும் அறிந்தது. அறிந்ததை நோயாளியிடம் மறைத்து அதற்கு நேர்மாறான எண்ணத்தை அவர் மனத்தில் விதைப்பதை வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது அநீதி.

பைபாஸ் அறுவையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மார்பின் நடு எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் அறுத்து விரிக்கிறார்கள். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கொரோனரி தமனியின் குறுக்களவு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அடைப்புக்கு அப்பால் அதில் ஒரு சிறு கீறல் போட வேண்டும். உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த குழாயின் நுனியை, தலைமுடி அளவே தடிமன் கொண்ட நூலால், உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்துகொண்டு அந்தக் கீறலைச் சுற்றித் தைக்க வேண்டும். ஒரு தையல் அதிகம் இறுகினால் குழாய் சுருங்கும். ஒன்று தளர்ந்தால் ரத்தம் கசியும். மூன்று அடைப்பு என்றால் பெரும்பாலும் மூன்று இடங்களில் இதைச் செய்ய வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பம்ப் வழி. உடலின் ரத்தம் முழுவதையும் இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்திவிட்டு, அசைவற்ற பரப்பில் நிதானமாகத் தைப்பது. மற்றது 'ஆஃப் பம்ப்'. இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். தைக்கும் இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு கருவி அசையாமல் அழுத்திவைத்திருக்கும். ஓடும் பேருந்தில் ஊசிக்கு நூல் கோர்ப்பதைப் போன்ற வேலை அது. கை தேர்ந்தவர்கள் அதை அபாரமாகச் செய்கிறார்கள். அவர்களின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

இயந்திரமில்லாத முறையே புதியது, ஆகவே நவீனமானது என்று நம்பவைக்கப்படுகிறது. வரலாறு வேறு கதை சொல்கிறது. ஜான் கிப்பன் அமெரிக்காவில் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது 1953இல். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1964இல், லெனின்கிராடில் வசிலி கொலேசொவ் அந்த இயந்திரம் இல்லாமலே, துடிக்கும் இதயத்தில், மார்புத் தமனியைக் கொரோனரியோடு இணைத்தார். 1967இல் கிளீவ்லாண்டில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ கால் சிரையை எடுத்துப் பொருத்தும் முறையைத் தொடங்கிவைத்தார். இயந்திரத்தின் துணையோடு இந்த அறுவை உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்த பைபாஸ் இந்தியாவின் முதல் பைபாஸாகப் பதிவாகியிருக்கிறது. எண்பதுகளில் அர்ஜென்டினாவின் பெனெட்டியும் பிரேசிலின் புஃபோலோவும் இயந்திரமில்லா முறையை மீண்டும் கையிலெடுத்தார்கள். செலவுக் குறைவும் அதற்கு ஒரு காரணம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டிய ஆக்சிஜனேற்றும் கருவியின் விலை ஏழை நாடுகளுக்குப் பெரும் சுமை. இந்தியாவில் இந்த முறை வேரூன்றியதிலும் அந்தக் கணக்குக்குப் பங்குண்டு. செலவைக் குறைக்க ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதையே உயர்ந்த சிகிச்சை என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு.

இயந்திரத்தின் மீதான அச்சத்துக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு ஞாபகம் தடுமாறுவதையும், கணக்கு வராமல் போவதையும் குடும்பத்தினர் கண்டார்கள். 2001இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 261 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, ஐந்தாண்டு கழித்து 42 சதவீதத்தினரின் அறிவாற்றல் அறுவைக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்ததாக எழுதினார்கள். பழி இயந்திரத்தின் மேல் விழுந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரமில்லாப் பிரிவு இருக்கவில்லை. நெதர்லாந்தின் 'ஆக்டபஸ்' ஆய்வில் இருந்தது. அதன் ஐந்தாண்டு முடிவு 2007இல் வந்தது: இயந்திரத்தோடு செய்தவர்களிலும் இல்லாமல் செய்தவர்களிலும் ஏறக்குறைய சரிபாதிப் பேருக்கு அதே சரிவு. குற்றம் இயந்திரத்துடையது அல்ல. வயதும், சர்க்கரையும், ரத்தக் கொதிப்பும், மூளைக் குழாய்களின் நோயும் சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும் என்ற புரிதல் அதன் பின் வலுப்பட்டது. ஆனால் 'மூளைக்குப் பாதுகாப்பு' என்ற பேச்சு நம் ஊர்க் கலந்தாலோசனை அறைகளில் இன்றும் ஓயவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 18 மருத்துவமனைகளில், 2203 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடந்தது 'ரூபி' ஆய்வு. ஓராண்டு கழித்து ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தபோது, பம்ப் இல்லாமல் தைத்த குழாய்களில் 82.6 சதவீதமும், பம்ப் வைத்துத் தைத்தவற்றில் 87.8 சதவீதமும் திறந்திருந்தன. ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. பம்ப் இல்லாத பிரிவில் 15.2 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். பம்ப் பிரிவில் 11.9 சதவீதத்தினர். நூற்றுக்கு மூன்று பேர் அதிகம். பத்தாண்டில் இறப்பு விகிதம் 34.2, 31.1 என்று இருந்தது. வேறுபாட்டைப் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு இடைவெளி தளர்ந்துவிட்டது. ஆனால் எந்தக் கட்டத்திலும் பம்ப் இல்லாத முறை முந்தவில்லை.

இந்த ஆய்வைக் குறை சொல்பவர்களுக்கும் காரணம் உண்டு, அதைக் கேட்பது நம் கடமை. பம்ப் இல்லாத அறுவை இருபது செய்திருந்தாலே போதும், அந்த மருத்துவர் ரூபியில் பங்கேற்கலாம். பயிற்சி நிலை மருத்துவர்கள் பல அறுவைகளில் கத்தி பிடித்தார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். தேர்ந்த கைகளில் செய்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றார்கள்.

அந்தக் கேள்விக்கும் பதில் வந்தது. 'கொரோனரி' என்ற பெயரில் 19 நாடுகளின் 79 மருத்துவமனைகளில், இந்தியாவும் சேர்ந்து, 4752 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. ஒவ்வொரு முறையையும் அதில் நூற்றுக்கு மேல் செய்து பழகியவர்களே செய்தார்கள். முதல் மாதத்தில் பம்ப் இல்லாத பிரிவில் ரத்தம் ஏற்றுவது குறைந்தது, ரத்தக் கசிவுக்காக மீண்டும் திறப்பது குறைந்தது, சிறுநீரகப் பாதிப்பும் நுரையீரல் சிக்கலும் குறைந்தன. அவை உண்மையான நன்மைகள். ஆனால் அடைப்புக்காகச் சீக்கிரமே மறுபடி சிகிச்சைக்கு வர நேர்ந்தவர்கள் அந்தப் பிரிவில் சற்று அதிகம். ஐந்தாண்டு முடிவில் இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மறு சிகிச்சை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 23.1 சதவீதம், 23.6 சதவீதம். வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் 75 வயதைக் கடந்த 2500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலும் அதே கதைதான்.

ரூபி, கொரோனரி இரண்டையும் சேர்த்துப் படித்தால் நேர்மையான மனத்துக்குத் தோன்றுவது ஒன்றுதான். தேர்ந்த கையில் இரண்டு முறையும் சமம். தேராத கையில் பம்ப் இல்லாத முறை உயிரைக் குடிக்கும். ஆகவே நோயாளி கேட்க வேண்டிய கேள்வி 'பம்ப் உண்டா இல்லையா' என்பதல்ல. 'நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்' என்பதுதான். அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் எண்ணோடு பதில் சொல்லக்கூடிய மருத்துவமனைகள் எத்தனை?

ஒரு விதிவிலக்கை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மகா தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிப்போன முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மகா தமனியில் பம்ப் குழாயைச் செருகினாலோ இடுக்கி போட்டாலோ உள்ளே படிந்திருப்பது உதிர்ந்து மூளைக்குப் போகக்கூடும். அவர்களுக்குப் பம்ப் இல்லாமல், மகா தமனியைத் தொடாமலே செய்வதுதான் முறை; ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. அதாவது, ஆஃப் பம்ப் தேவைப்படுகிற நோயாளி உண்மையிலேயே இருக்கிறார். அவருக்கு உரிய சிகிச்சையை எல்லோருக்குமான விளம்பரமாக மாற்றும்போதுதான் பொய் நுழைகிறது. அமெரிக்காவில் 2002இல் பைபாஸ் அறுவைகளில் 23 சதவீதம் பம்ப் இல்லாமல் நடந்தன. ஆய்வு முடிவுகள் வரவர, 2012இல் அது 17 சதவீதமாக இறங்கியது. இந்தியாவில் இன்றும் பாதிக்கு மேல் அந்த முறையில்தான். நம் மருத்துவர்கள் அதில் உலகத் தேர்ச்சி பெற்றவர்கள் என்பது அதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். அப்படியானால் அதை நிரூபிக்கும் பத்தாண்டுக் கணக்கு எங்கே?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று விளம்பரங்களில் வருவதே இல்லை. இதயத்தில் பொருத்தும் குழாயை உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பது.

காலிலிருந்து எடுக்கும் சிரை எளிதில் கிடைக்கும், நீளமாக இருக்கும், சீக்கிரம் வேலை முடியும். ஆனால் அது தமனியின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்த குழாய் அல்ல. பத்தாண்டு ஆகும்போது ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைத்துப்போகின்றன அல்லது கெட்டுப்போகின்றன. மார்பெலும்பின் உட்புறத்தை ஒட்டி ஓடும், மருத்துவர்கள் 'லிமா' என்று அழைக்கும் இடது உள்மார்புத் தமனி, பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கிறது. 1986இல் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கு இதை உலகுக்கு உறுதியாகச் சொன்னது: இதயத்தின் முன்பக்கத் தமனிக்கு லிமாவைப் பொருத்தியவர்களோடு ஒப்பிட்டால், சிரை மட்டுமே பொருத்தப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். அன்றிலிருந்து லிமா கட்டாயம் என்றாகிவிட்டது. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

மற்ற இரண்டு அடைப்புகளுக்கு என்ன பொருத்துவது என்பதில்தான் கேள்வி. வலது உள்மார்புத் தமனியையும் எடுத்துப் பொருத்தினால் மேலும் நல்லதல்லவா? ஏழு நாடுகளில் 3102 நோயாளிகளிடம் நடந்து, 2019இல் பத்தாண்டு முடிவு வந்த 'ஆர்ட்' ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. இரண்டு மார்புத் தமனிகள் பெற வேண்டியவர்களில் 20.3 சதவீதமும், ஒன்று மட்டும் பெற வேண்டியவர்களில் 21.2 சதவீதமும் இறந்திருந்தார்கள். வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு என்று குலுக்கலில் வந்தவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கு அறுவை மேசையில் ஒன்றுதான் பொருத்தப்பட்டது. ஒன்று என்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கைத்தமனியும் சேர்த்துப் பொருத்தப்பட்டது. கலந்துபோன தண்ணீரில் எது எந்தக் கிணற்றுடையது என்று கண்டுபிடிப்பது கடினம். மார்பெலும்புக் காயம் சீழ் வைப்பதும் இரண்டு தமனி எடுத்தவர்களில் கூடுதல்: 3.5 சதவீதம், மற்றவர்களில் 1.9. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் நாட்டில் அந்த எண்ணை அலட்சியம் செய்யலாகாது.

கைத்தமனியின் கதை தெளிவாக இருக்கிறது. மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் துடிக்கிறதே, அந்தத் தமனி. பல சோதனைகளின் 1036 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான ஆய்வு, ஐந்தாண்டுக்குள் மாரடைப்பும் மறு சிகிச்சையும் கைத்தமனி பெற்றவர்களில் குறைவு என்று காட்டியது. அதே நோயாளிகளின் பத்தாண்டு முடிவு 2020இல் வந்தபோது பயன் நீடித்தே இருந்தது. 2021இல் அமெரிக்க வழிகாட்டு நெறிகள், தகுதியுள்ளவர்களுக்கு இரண்டாவது முக்கியமான அடைப்பில் கால் சிரையைவிடக் கைத்தமனிக்கே முன்னுரிமை என்று மிக உறுதியான பரிந்துரையாக எழுதிவைத்தன. இதிலும் நுணுக்கம் உண்டு. அடைப்பு கடுமையாக இருந்தால்தான் கைத்தமனி நிலைக்கும். லேசான அடைப்பில் பழைய வழியிலும் ரத்தம் போட்டியாக ஓடி, புதிய குழாய் சுருங்கிவிடும். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்திருந்தால் அந்தக் கையின் தமனியைத் தவிர்க்க வேண்டும். நம் ஊரில் ஆஞ்சியோ மணிக்கட்டு வழியாகச் செய்வது வழக்கமாகிவிட்ட காலம் இது. நாளை இவருக்குப் பைபாஸ் தேவைப்படலாம், எந்தக் கையை மிச்சம் வைப்பது என்று ஆஞ்சியோ மேசையிலேயே யோசிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும், உலகிலேயே அதிகமாகக் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்காவில்கூட இரண்டாவது தமனி பொருத்தப்படுவது சிறுபான்மை அறுவைகளில்தான். காரணத்தை மருத்துவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தமனியைக் காயமின்றிப் பிரித்தெடுக்க நேரமும் பழக்கமும் வேண்டும். மேசையில் நேரம் கூடினால் அடுத்த அறுவை தள்ளிப்போகும். சிரை அடைத்துப்போவது எட்டாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ. அப்போது அந்த நோயாளி வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் தைத்தவருக்குச் செய்தியே போய்ச் சேராது. நாம் கண்டிக்க விரும்புவது இந்த இடத்தைத்தான். விளைவு தன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடக்கும் என்பதற்காக விளைவைக் கருதாமல் இருப்பது மருத்துவ அறம் ஆகாது.

ஒரு மாவட்டத் தலைநகரத்தின் தனியார் மருத்துவமனை. ஆஞ்சியோ முடிந்த அன்று மாலை. 'மூணு அடைப்பு. உடனே பைபாஸ் பண்ணணும், லேட் பண்ணக் கூடாது' என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த அறைக்குப் போகிறார். நடைபாதையில் நின்றுகொண்டிருக்கும் மகனிடம் ஒரு ஊழியர் நாலைந்து பக்கப் படிவத்தை நீட்டி, 'இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு' என்று பேனாவால் கட்டம் காட்டுகிறார். படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 'எங்கப்பாவுக்குக் கால் நரம்பா, கை நரம்பாங்க?' என்று அவன் கேட்பதில்லை; கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. 'பீட்டிங் ஹார்ட்ல பண்றோம், பயப்படாதீங்க' என்ற ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவன் தன் அம்மாவிடம் போகிறான். இந்தக் காட்சி ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. அவன் போட்டது கையெழுத்துதான், ஒப்புதல் ஆகாது. எந்த முறை, ஏன் அந்த முறை, எந்தக் குழாய், மருத்துவரின் அனுபவம் எவ்வளவு, ஐந்தாண்டில் என்ன எதிர்பார்க்கலாம்: இந்த ஐந்தையும் தாய்மொழியில், உட்கார்ந்து, பத்து நிமிடம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை ஒப்புதலாக நாம் ஏற்கவில்லை.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்திலும் அவர்கள் சிறுபான்மை. ரூபியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பைபாஸுக்குப் பிறகு பெண்கள் இறக்கும் விகிதம் ஆண்களைவிட அதிகம் என்பது பல நாடுகளின் பதிவுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. அவர்களின் கொரோனரி தமனிகள் மெல்லியவை, நோய் தாமதமாகக் கண்டறியப்படுகிறது, இரண்டாவது தமனி பொருத்தப்படுவதும் ஆண்களைவிடக் குறைவு. 'வாயுத் தொல்லை' என்று மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்கப்பட்ட நெஞ்சுவலியோடு கடைசியில் மேசைக்கு வரும் நம் வீட்டுப் பெண்களுக்கு எந்த முறை நல்லது என்று சொல்லப் போதுமான ஆய்வு உலகில் எங்கும் நடக்கவில்லை. அறிவியல் உலகம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது.

இனி, தீர்வு கையெட்டும் தூரத்தில் இருப்பதைப் பேசுவோம். நியூயார்க் மாநிலம் 1989இலிருந்து பைபாஸ் அறுவைகளின் முடிவுகளைத் திரட்டியது. ஒரு நாளிதழ் நீதிமன்றம் சென்று வென்றபின், 1991இல் மருத்துவர்வாரியான இறப்பு விகிதமே மக்கள் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில், 1991 முதல் 1995 வரை, இதய அறுவைக்குப் பின் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் கூடுதலாக இறந்ததை இயன் கென்னடி தலைமையிலான விசாரணை 2001இல் வெளிக்கொண்டுவந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் அந்த நாடு இதய அறுவை மருத்துவர்களின் கணக்கைப் பொதுவில் வைத்தது. சுவீடன் 1992இலிருந்தே இதய அறுவைகளை நாடு தழுவிய பதிவேட்டில் எழுதுகிறது. பதிவேடு வைத்தால் கடினமான நோயாளிகளை மருத்துவர்கள் தட்டிக்கழிப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது; நியூயார்க்கிலேயே அந்தப் புகார் எழுந்தது. அதற்கு மருந்து, நோயாளியின் வயது, சர்க்கரை, சிறுநீரகம், இதயத்தின் பம்பு வலு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்து எண்களைச் சரிசெய்வது. கணக்கே வேண்டாம் என்பது மருந்தல்ல.

இந்தியாவில் எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாகச் சேர வேண்டிய, மக்கள் படிக்கக்கூடிய பைபாஸ் பதிவேடு இல்லை. இதய அறுவை மருத்துவர்களின் சங்கம் எடுத்த முயற்சிகளை மதிக்கிறோம். ஆனால் விருப்பப்பட்டால் சேரலாம் என்றால் நன்றாகச் செய்பவர்களே சேர்வார்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை 29,600 ரூபாயாக ஒரே உத்தரவில் கட்டிப்போட்ட அரசுக்கு, அதே இதயத்தின் மீது நடக்கும் அறுவையின் விளைவைக் கேட்கும் அதிகாரம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. விலையைக் கேட்ட அரசு விளைவைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் ஏழைக் குடும்பங்களின் பைபாஸுக்கு அரசே பணம் கட்டுகிறது. நோயாளி யார், எந்த மருத்துவமனை, எந்த நாள் என்பதெல்லாம் காப்பீட்டுக் கோப்பில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர் வீட்டில் அந்த ஊழியர் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு கேள்விகள் கேட்டால் போதும். உயிரோடு இருக்கிறாரா? நெஞ்சுவலி திரும்பியதா? மறுபடி ஆஞ்சியோவோ ஸ்டென்ட்டோ ஆனதா? ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறாரா? கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. எந்த முறையில் தைத்திருந்தாலும், மாத்திரையை நிறுத்தியவரின் சிரையும் புகைப்பதை விடாதவரின் சிரையும் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் அடைக்கின்றன. அந்தப் பொறுப்பு நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உண்டு.

உலகம் பல கோடி டாலர் செலவழித்துப் பதில் தேடும் கேள்விகளுக்கு, இந்த மாநிலம் பெரிய செலவின்றிப் பதில் தர முடியும். நம் உடல்வாகில், நம் சர்க்கரையில், நம் பெண்களில், எந்தக் குழாய் பத்தாண்டு நிற்கிறது? பம்ப் இல்லாமல் செய்வதில் நம் மருத்துவர்களின் தேர்ச்சி உண்மையா? உண்மையென்றால் உலகமே நம்மிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும். உண்மையில்லையென்றால் நம் நோயாளிகளுக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

அடுத்த முறை காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்க அறிக்கையில் பம்ப் பயன்பட்டதா, எந்த அடைப்புக்கு எந்தக் குழாய், தைத்த மருத்துவர் யார் என்பது தமிழில் இருக்க வேண்டும். முறையின் மேன்மையை விளம்பரம் செய்யும் மருத்துவமனை, அதே விளம்பரத்தில் தன் ஓராண்டு, ஐந்தாண்டுக் கணக்கையும் போட வேண்டும். தான் அறுவை செய்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாத மருத்துவமனைக்கு, மக்கள் பணத்தில் இன்னொரு மார்பைத் திறக்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது.